அரிய சொல்லும் அறிவும்

2018ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், இந்தியாவெங்கும் ஆங்கிலம் படித்தோர் பலர் திடீரென அகராதியைத் தேடினர். நாடாளுமன்ற உறுப்பினரும் எழுத்தாளருமான சசி தரூர், தாம் எழுதிய புதிய நூலொன்றின் வருகையை ட்விட்டரில் அறிவித்தார். அவ்வறிவிப்பில் 'ஃபிளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன்' என்னும் சொல் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் அது 29 எழுத்து நீளும். ஒன்றைப் பயனற்றதென்று மதித்து ஒதுக்குதல் என்பதே அதன் பொருள். அற்பம், இன்மை முதலிய பொருள் தரும் இலத்தீன் சொற்கள் நான்கைக் கோத்து யாரோ வேடிக்கையாகச் செய்துவைத்த சொல் அது.

தரூரும் அதை வேடிக்கையாகவே எடுத்தாண்டார். அவர் நிரம்பப் படித்தவர். சொற்களோடு விளையாடுவதில் விருப்பம் உடையவர். அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆயினும் பின்னர் நடந்தது கருதத்தக்கது. அச்சொல்லை எப்படி ஒலிப்பது, எங்கே பிரிப்பது என்பதே பேச்சாயிற்று. நூல் எதைப் பற்றியது என்னும் வினா அந்த ஆரவாரத்தில் பின்தங்கியது. சொல் முன்னே நின்றுகொள்ள, சொல்ல வந்த செய்தி அதன் நிழலில் மறைந்தது.

சொற்செல்வம் மிக்க ஒருவர் விளையாட்டாகச் செய்வதை, அச்செல்வம் இல்லாதவர் வேறொரு நோக்கத்துடன் செய்யும்போதுதான் இடர் தோன்றுகிறது. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு அளவில் இப்பழக்கம் அரும்புகிறது. கட்டுரையில் முதலில் 'யூஸ்' என்று எழுதிய மாணவர், அதை அடித்துவிட்டு 'யூட்டிலைஸ்' என்று எழுதுகிறார். குழு உரையாடலில் 'ஸோ' என்று தொடங்க வந்த மாணவி ஒரு கணம் நிறுத்தி, 'கான்சிக்வென்ட்லி' என்கிறார். கேட்கும் தோழியர் விளங்கியதுபோலத் தலையசைக்கின்றனர். பேசியவருக்கும் அச்சொல் புதிது, கேட்டவருக்கும் புதிது. அதை இருவருமே ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துக்கொள்கின்றனர்.

இம்முயற்சி பலன் தருகிறதா என்பதைச் சோதித்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்க உளவியல் அறிஞர் டேனியல் ஓப்பன்ஹைமர் 2006இல் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். அறிவாளியாகத் தோன்றவேண்டும் என்பதற்காகக் கட்டுரையில் எளிய சொல்லை நீக்கிக் கடினச் சொல்லை இட்டதுண்டா என்று கல்லூரி மாணவர்களைக் கேட்டபோது, ஐந்தில் நால்வருக்கும் மேற்பட்டோர் உண்டு என்று ஒப்புக்கொண்டனர். பின்னர் ஒரே கட்டுரையை எளிய சொற்களாலும் நீண்ட சொற்களாலும் வெவ்வேறு வடிவில் அமைத்து, படிப்போரிடம் கொடுத்தார். பிரெஞ்சு மெய்யியலாளர் தெக்கார்த்தின் நூற்பகுதி ஒன்றை எளிய மொழிபெயர்ப்பிலும் கடின மொழிபெயர்ப்பிலும் தந்து பார்த்தார். படித்தவர்கள் எளிய வடிவத்தை எழுதியவரையே மிகுந்த அறிவுடையவர் என்று மதித்தனர். கடின வடிவத்தை எழுதியவருக்குக் குறைந்த மதிப்பே கிடைத்தது. ஓப்பன்ஹைமர் தம் கட்டுரைக்கு வேண்டுமென்றே வாயில் நுழையாத தலைப்பொன்றை இட்டிருந்தார். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக் நோபல் பரிசு அவ்வாண்டே அவருக்குக் கிடைத்தது.

இம்முடிவுக்குக் காரணம் காண்பது அரிதன்று. படிப்பவர் ஒரு வரியில் தடுக்கி நிற்கும்போது, அத்தடுக்கலுக்குப் பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொள்வதில்லை. எழுதியவருக்கே தெளிவில்லை போலும் என்று எண்ணிவிடுகிறார். உரையாடலிலோ நிலைமை இதனினும் கடினம். புத்தகத்தைத் திருப்பிப் படிக்கலாம். பேச்சு அப்படி நிற்பதில்லை. விளங்காத சொல்லொன்று காதில் விழுந்தால், அதைப் பற்றி எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் அடுத்த மூன்று வாக்கியங்கள் கடந்து போய்விடும்.

தில்லியில் வளரும் பிள்ளைகள் இந்தியிலும் இதே காட்சியைக் கண்டிருப்பர். 'ரயில்' என்று எல்லாரும் சொல்லும் வண்டியை 'லௌஹ பத காமினி' என்று அழைத்துச் சிரிப்பது அங்கே பழைய நகைச்சுவை. ஹ்ரிஷிகேஷ் முகர்ஜி இயக்கி 1975இல் வெளிவந்த 'சுப்கே சுப்கே' என்னும் திரைப்படத்தில், தாவரவியல் பேராசிரியர் ஒருவர் ஓட்டுநராக வேடமிட்டு, மனைவியின் அக்காள் கணவர் வீட்டில் வேலைக்குச் சேர்கிறார். தூய இந்தி பேசும் ஓட்டுநர் வேண்டும் என்று கேட்டவர் அந்த வீட்டுக்காரர்தாம். கேட்டதற்கு மேலாகவே கிடைத்துவிடுகிறது. ஓட்டுநரின் அருஞ்சொற்களைக் கேட்டுக் கேட்டு அவர் படும் பாட்டைப் பார்த்து வடஇந்தியா முழுதும் சிரித்தது.

தமிழில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. தொல்காப்பியம் செய்யுளுக்கு உரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுக்கிறது. எல்லாருக்கும் எளிதில் பொருள் விளங்குவது இயற்சொல். கற்றவருக்கு மட்டும் விளங்குவது திரிசொல். மலையை 'வெற்பு' என்பதும் 'விலங்கல்' என்பதும் 'விண்டு' என்பதும் இவ்வகை. 'எகினம்' என்னும் ஒரே சொல் அன்னப்பறவையையும் நாயையும் கவரிமாவையும் புளியமரத்தையும் குறிக்கும் என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். நாயும் அன்னமும் ஒரே பெயரில் வந்தால் கடைத்தெருப் பேச்சு என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்! திரிசொல்லுக்கு உரிய இடம் செய்யுள் என்பதை இலக்கணம் வகுத்தவர்கள் நன்கு அறிந்திருந்தனர். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் நிகண்டுகளை மனப்பாடம் செய்ததும் பழைய செய்யுளைப் படித்துப் பொருள் காண்பதற்கே. நிகண்டு கற்ற பிள்ளை வீட்டுக்கு வந்து தாயிடம் சோறு கேட்கும்போது நிகண்டுச் சொல்லில் கேட்டதில்லை.

பிற்காலத்தில் கற்றோர் பேச்சு மக்கள் பேச்சைவிட்டு விலகிச் சென்ற காலங்கள் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் 'அக்கிராசனாதிபதி'. தேர்தலில் நிற்பவர் 'அபேட்சகர்'. சொற்பொழிவு 'பிரசங்கம்' அல்லது 'உபந்நியாசம்'. மேடையில் மதிப்புப் பெற வேண்டுமாயின் வடசொற்கள் பெருகிவரப் பேசவேண்டும் என்னும் எண்ணம் நிலவியது. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும் அதன்பின் வந்த தமிழுணர்ச்சியும் அந்நிலையை மாற்றின. தலைவர், வேட்பாளர், சொற்பொழிவு முதலிய சொற்கள் நிலைபெற்றன. வழங்கத் தொடங்கிய நாளில் அவையும் சிலருக்குப் புதுமையாகவே ஒலித்திருக்கும். இன்று பேருந்து நடத்துநர் முதல் பேராசிரியர் வரை யாவரும் 'வேட்பாளர்' என்கின்றனர். ஆகவே ஒரு சொல் எளியதா கடியதா என்பது அச்சொல்லின் உடம்பிலேயே எழுதப்பட்டிருப்பதன்று. எத்தனை பேர் அதைத் தமதாகக் கொண்டனர் என்பதைப் பொறுத்தது. வடசொல்லுக்கு அன்றிருந்த மேடை மதிப்பு இன்று ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. மதிப்புத் தேடும் ஆசைக்குத்தான் வயது ஏறவில்லை.

இவ்விடத்தில் இருவரை நினைவுகூர்வது தகும். சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்து, பின் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை எனப் பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் உ.வே. சாமிநாதையர். அவர் காலத்தில் அவரைவிட மிகுதியான அருஞ்சொற்களை அறிந்தவர் இருந்திருப்பது அரிது. அத்தகையவர் முதுமையில் தம் வாழ்க்கை வரலாற்றை 1940 முதல் ஆனந்த விகடன் இதழில் எழுதியபோது, வார இதழ் வாங்கும் எந்த வாசகரும் தடையின்றிப் படிக்கும் நடையில் எழுதினார். மற்றொருவர் பாரதியார். 1912இல் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில், காவியமே ஆயினும் அதைப் பொதுமக்கள் விரும்பிக் கேட்கும் எளிய சொல்லிலும் மெட்டிலும் செய்வது மொழிக்கு உயிரூட்டும் என்று வாதிட்டார். அறிந்தவர்களுக்குக் காட்டிக்கொள்ளவேண்டிய தேவை எழவில்லை.

அவ்வாறாயின் கடினச் சொல் முழுவதையும் விலக்கிவிடலாமா? கூடாது. இயற்பியலில் 'வேகம்' என்பது ஒன்று, 'முடுக்கம்' என்பது வேறொன்று. திசைவேகம் மாறும் வீதத்தைக் குறிப்பது முடுக்கம். எளிமை கருதி இரண்டையும் வேகம் என்றே சொன்னால் கணக்குத் தவறிவிடும். 'ஒளிச்சேர்க்கை' என்னும் ஒரு சொல்லை நீக்கினால், அவ்விடத்தில் இலையும் வெயிலும் நீரும் காற்றும் சேர்ந்து நடத்தும் வேலையை ஒவ்வொரு முறையும் நான்கு வரியில் விரித்துரைக்க வேண்டும். இத்தகைய சொற்கள் கருவிகள் போன்றவை. தச்சர் உளியை எடுப்பது ஊருக்குக் காட்ட அன்று.

பள்ளிக்கு வெளியிலும் இத்தகைய சொற்கள் குவிந்து கிடக்கின்றன. மாவின் பிஞ்சு வடு. பலாவின் பிஞ்சு மூசு. வாழையின் பிஞ்சு கச்சல். தென்னையிலும் பனையிலும் இளம்பிஞ்சு குரும்பை. எள்ளின் பிஞ்சு கவ்வை. இவற்றையெல்லாம் புலவர்கள் அறைக்குள் அமர்ந்து படைக்கவில்லை. மரத்தடியில் நின்றவர்களும் வயலில் குனிந்தவர்களும் வேறுபாட்டைக் கண்ணால் கண்டு வைத்த பெயர்கள் இவை. தேவநேயப் பாவாணர் போன்ற சொல்லாராய்ச்சியாளர்கள் அவற்றைத் தொகுத்துக் காட்டினர். புலம்பெயர்ந்த வீடுகளில் 'மாவடு' மட்டும் ஊறுகாய்ச் சாடியில் ஏறித் தில்லிவரை வந்துசேர்ந்தது. மற்றவை ஊரிலேயே தங்கிவிட்டன. பொருள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சொல்லும் மெல்ல மறைந்துபோவது இயல்பே; அது பிள்ளைகளின் குற்றம் அன்று. மாந்தோப்பையே பார்த்திராத ஒருவர் 'மூசு', 'கவ்வை' என்று மனப்பாடம் செய்து விருந்தினர்முன் ஒப்பித்தால், அது அந்த 29 எழுத்துச் சொல்லுக்கு உறவாகிவிடும். ஊரில் உள்ள பாட்டி அதே சொல்லைச் சொல்லும்போது அதில் ஒரு மரம் நிற்கிறது.

காட்டிக்கொள்ளும் பேச்சின் வேர் ஆணவம் என்று பெரியவர்கள் கடிந்துகொள்வதுண்டு. பெரும்பாலும் அது அச்சமே. புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இவ்வச்சம் மும்மடங்கு. வீட்டில் தமிழ், தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ, வகுப்பறையில் ஆங்கிலம். மூன்றிலும் தனக்குப் பாதிதான் தெரியும் என்னும் ஐயம் உள்ளே இருந்துகொண்டேயிருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு பெரிய சொல்லைச் சொல்லிவிட்டால் அந்த ஐயத்தைப் பிறர் காணமாட்டார் என்று தோன்றுகிறது. விடுமுறையில் ஊருக்குப் போனால் வேறு சிக்கல். புத்தகத்தில் கற்றபடி 'தாங்கள் நலமாக இருக்கின்றீர்களா?' என்று மாமாவிடம் கேட்டவுடன், அத்தை பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றனர். இதைக் காட்டிக்கொள்ளல் என்று சொல்வது கொடுமை. அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த தமிழ் அது. கிடைத்ததை மதிப்போடு எடுத்துவந்து கொடுத்திருக்கிறது. சிரித்தவர்கள், 'எப்படி இருக்கீங்க மாமா?' என்று கேட்டால் போதும் எனச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

இப்பிள்ளைகளிடம் ஓர் ஆற்றல் உண்டு. அதை அவர்களும் உணர்வதில்லை. மதிப்பெண் பட்டியலிலும் அதற்கு இடமில்லை. தில்லி திரிலோக்புரியிலோ மும்பை தாராவியிலோ வாழும் தமிழ்க் குடும்பத்தில், தாய் மருத்துவமனைக்குச் செல்லும்போது பள்ளிக்குப் போகும் மகளோ மகனோ உடன் செல்வது வழக்கம். மருத்துவர் இந்தியும் ஆங்கிலமும் கலந்து விரைவாகப் பேசுகிறார்: 'ஹைப்பர்டென்ஷன்' என்கிறார், 'சோடியம்' என்கிறார், 'ரெகுலர் மெடிக்கேஷன்' என்கிறார். அவருக்குப் பின்னே நாற்பது பேர் வரிசையில் நிற்கின்றனர். பதின்மூன்று வயது மகள் அதைக் கேட்டு, தாய்க்குச் சொல்லவேண்டும்.

அச்சிறுமி அம்மூன்று சொற்களையும் அப்படியே திருப்பிச் சொல்லலாம். பாடநூல் அறிவைக் காட்டி, 'உனக்கு உயர் இரத்த அழுத்தம்' என்றும் சொல்லலாம். இரண்டும் தவறல்ல, ஆயினும் தாய்க்கு எதுவும் போய்ச் சேராது. அவள் சொல்வது இதுதான்: "அம்மா, உனக்கு ரத்தக் கொதிப்பு இருக்காம். உப்பைக் குறைக்கணுமாம். மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாதாம்." தாய் ஏதோ கேட்கிறார். மகள் மருத்துவரிடம் திரும்பி, உப்பிட்டு உலர்த்திய மீன் உண்ணலாமா, ஊறுகாய் உண்ணலாமா என்று இந்தியில் கேட்கிறாள். கருவாட்டுக்கு இந்தியில் ஒரு சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை. அதனால் அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதையே சொல்லிவிட்டாள். மருத்துவர் நிமிர்ந்து பார்த்து, இரண்டையும் நிறுத்தச் சொல்கிறார்.

'சோடியம்' என்னும் சொல் அந்த வீட்டு அடுப்படியில் எங்கே இருக்கிறது என்பது அச்சிறுமிக்குத் தெரிந்திருக்கிறது. கேட்ட சொல்லின் பொருளை உணர்ந்து, கேட்கப்போகிறவரின் வாழ்க்கையை எண்ணி, இடையில் உள்ள தூரத்தை ஒரே நொடியில் கடந்திருக்கிறாள். ஒரு கடினச் சொல்லை எடுத்துவைப்பதற்கு நினைவாற்றல் போதும். இதற்கு வேண்டுவது அதைவிடப் பெரியது. அவள் அன்று பெருஞ்சொல்லால் தன்னை உயர்த்திக் காட்டியிருந்தால், தாய் அன்று மாலையும் கருவாட்டுக் குழம்புதான் வைத்திருப்பார். திருக்குறளில் சொல்வன்மைக்கும் அவையறிதலுக்கும் தனித்தனி அதிகாரங்கள் உள்ளன. கேட்போர் யார் என்று அறிந்து பேசுவதைத் தமிழ்மரபு ஒரு கல்வியாகவே கருதியது. அக்கல்வியை இச்சிறுமி மருத்துவமனை வரிசையில் கற்றுக்கொண்டாள்.

மேடைப் பேச்சுக்கு வேறு அளவுகோல் உண்டு. அங்கே அடுக்குமொழிக்கும் எதுகைக்கும் இடமிருக்கிறது. கேட்போரும் அதை விரும்பியே வருகின்றனர். பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்த உரையைத் திண்ணைக்கு எடுத்து வருவதுதான் பொருந்தாது. உரையாடல் என்பதற்கு இருவர் வேண்டும். ஒருவர் விளங்காத சொல்லைப் போட்டு, மற்றவர் விளங்கியதாக நடித்தால், அங்கே இருவர் இருந்தும் ஒருவரும் பேசவில்லை.

புதிய சொல்லைக் கற்கும் வழியும் பெரும்பாலும் உரையாடலிலேயே கிடைக்கிறது. 'அப்படியென்றால் என்ன?' என்று கேட்கும் துணிவு மட்டும் வேண்டும். அறிவாளியாகத் தோன்ற விரும்புபவருக்கு அக்கேள்வி வாயில் வருவதில்லை. கேட்டால் தெரியாதது தெரிந்துவிடுமே! அதனால் அவருடைய சொற்கள் நாளடைவில் பெருகாமல், பழைய நான்கைந்தே திரும்பத் திரும்ப வருகின்றன.

பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊரில் இருக்கும் பாட்டி, ஞாயிற்றுக்கிழமை தில்லிக்குத் தொலைபேசியில் பேசுகிறார் என்று கொள்வோர் கொள்ளலாம். "இந்த வருசம் குரும்பையெல்லாம் கொட்டிப் போச்சு, கண்ணு" என்கிறார். பேரன் 'ஓ, சரி அப்பாயி' என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடலாம். "குரும்பைன்னா என்ன அப்பாயி?" என்று கேட்டானாயின், பாளை வெடிப்பதில் தொடங்கி, மழை பொய்த்தது, வேருக்கு நீர் பாய்ச்சியது, அணில் கடித்தது வரை அவர் சொல்லி முடிக்கக் கால்மணி நேரம் ஆகும். பிறகு அவர் முறை வரும்: "நீ பள்ளிக்கூடத்துல என்ன படிக்கிற?" பேரன் முடுக்கம் என்பான். அது என்ன என்று அவரும் கேட்பார். அவன் வேகம், வேகம் கூடுவது, குறைவது என்று தனக்குத் தெரிந்த தமிழில் தட்டுத் தடுமாறிச் சொல்லிக்கொண்டு வருவான். பாட்டி சற்றுநேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பஸ்ஸு விசுக்குனு கெளம்புறப்ப நாம பின்னால சாயுறமே, அதுவா?" என்பார்.